பரிந்து பேசுதலும் தேற்றுதலும்: முதியோர்பால் சபைத் தொண்டரின் பணி

முதியோரைப் பேணுதல் என்றவுடன் நம் திருச்சபைகளில் இரண்டு காட்சிகளே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி முதியோர் இல்லத்துக்குச் சென்று, பாடல் பாடி, போர்வையும் பழமும் வழங்கித் திரும்புதல் ஒன்று. நடமாட இயலாத மூத்த உறுப்பினரின் இல்லத்தில் ஆயர் திருவிருந்து வழங்கி மன்றாடுதல் மற்றொன்று. இவ்விரண்டும் நல்லவையே. ஆயினும், முதியவர் ஒருவர் தம் உரிமையை இழந்து, அதை எடுத்துரைக்கவும் இயலாமல் வாயடைத்து நிற்கும்பொழுது அவர் பொருட்டுப் பேசுவோர் யார் என்னும் வினாவுக்கு இவ்விரு காட்சிகளிலும் விடை இல்லை.

நாம் அறிந்த சபை ஒன்றில் நிகழ்ந்ததை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். கணவரை இழந்த அம்மையார் ஒருவர் தம் பெயரிலிருந்த ஒரே வீட்டைத் தம் மூத்த மகனுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். ஓராண்டிற்குள் அவருடைய கட்டில் வீட்டின் உள்ளறையிலிருந்து திண்ணைக்கு வந்துவிட்டது. உணவு ஒருவேளையாகக் குறைந்தது. மகன் சபைக் குழு உறுப்பினர், காணிக்கையில் தாராளமானவர். ஆயர் வீடு சந்திக்கச் சென்றபோதெல்லாம் மகன் அருகில் நின்றார். அம்மையாரும், “எனக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா” என்றே கூறினார். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரி ஒருவர் தனியே சென்றிருந்த நாளில்தான் உண்மை வெளிப்பட்டது. செய்தி ஆயரிடம் வந்தது. குடும்ப மானம், சபையின் அமைதி, வரவிருந்த குழுத் தேர்தல் ஆகிய யாவும் எண்ணப்பட்டன, ஒன்றும் செய்யப்படவில்லை. அம்மையார் மறைந்தபின் அடக்க ஆராதனை சிறப்புற நடைபெற்றது. அன்னையை இறுதிவரை பேணிய மகனுக்கு நன்றியும் கூறப்பட்டது. அந்நன்றியுரையை வாய்பேசாது கேட்டிருந்தோருள் நாமும் இருந்தோம். இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அதுவே முதற் காரணம்.

1. ஒரு சொல், இரு பொருள்

யோவான் நற்செய்தியில் தூய ஆவியானவரைக் குறிக்க வழங்கும் ‘பராக்லேத்தோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லைப் பற்றி இறையியல் மாணவர் யாவரும் கற்றிருப்பர். ‘அருகில் அழைக்கப்பட்டவர்’ என்பது அதன் நேர்ப்பொருள். நம் பழைய தமிழ்த் திருமறை இச்சொல்லை யோவான் 14:16-இல் ‘தேற்றரவாளன்’ என்று பெயர்த்துள்ளது. அதே சொல் 1 யோவான் 2:1-இல் கிறிஸ்துவைக் குறித்து வரும்போது ‘பரிந்து பேசுகிறவர்’ என்று பெயர்க்கப்பட்டுள்ளது. ஒரே சொல் ஓரிடத்தில் தேற்றுதலாகவும் மற்றோரிடத்தில் வழக்குரைத்தலாகவும் நிற்பது தற்செயலன்று. துன்புறுவோர் அருகில் அழைக்கப்பட்டு நிற்பவர், அவரைத் தேற்றவும் வேண்டும். அவர் சார்பில் பேசவும் வேண்டும். நாமோ முதற் பொருளை மட்டும் பற்றிக்கொண்டு இரண்டாவதை நழுவவிட்டோம். தேற்றுவதற்குத் துணிவு வேண்டுவதில்லை. பரிந்து பேசுவதற்கோ துணிவும் அறிவும் ஒருங்கே வேண்டும்.

2. திருமறை காட்டும் நெறி

திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படாமற்போனதைக் காண்கிறோம். இங்கு நாம் கருதத்தக்கவை மூன்று. முதலாவதாக, முறையிட்டோராகக் கூறப்படுபவர் அக்கைம்பெண்கள் அல்லர். அவர்கள் பொருட்டு அவர்களுடைய மொழிக் குழுவினரே முறையிட்டனர். இரண்டாவதாக, திருத்தூதர்கள் அம்முறையீட்டைச் சபையின் ஒற்றுமைக்கு ஊறு என்று அடக்கவில்லை. அதில் நியாயம் உண்டென ஏற்றனர். மூன்றாவதாக, இரக்கச் சொல்லோடு அமையாது, எழுவரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாயிருத்தல், குறையுற்றோரின் குரல் அமைப்பினுள்ளேயே இடம்பெற்றதைக் காட்டுகிறது எனலாம்.

மாற்கு 7:9-13-இல் ஆண்டவர் ‘கொர்பான்’ வழக்கத்தைக் கண்டிக்கிறார். பெற்றோருக்குச் சேரவேண்டியதை இறைவனுக்குக் காணிக்கை என அறிவித்து, அதன்வழிப் பெற்றோரைக் கைவிடுதல் அவ்வழக்கம். சமயமே பெற்றோரைக் கைவிடுவதற்குப் போர்வையாவதை இப்பகுதி அம்பலப்படுத்துகிறது. மேற்கூறிய அம்மையாரின் திண்ணைக் கட்டிலையும் அவர் மகனின் தாராளக் காணிக்கையையும் ஒருசேர நினைத்துப் பார்த்தால், இப்பகுதி நம் கால ஆலயக் கணக்கேட்டிற்கும் பொருந்துவது விளங்கும்.

1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரம் பொறுப்பைப் பகுத்துரைக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தம் வீட்டாருக்குச் செய்யவேண்டிய கைம்மாற்றை 4-ஆம் வசனம் முதலில் வைக்கிறது. உறவினர் இல்லாதோரைச் சபை தாங்கவேண்டும் என்பது 16-ஆம் வசனத்தின் கருத்து. குடும்பம், சபை என்னும் இரு வட்டங்களும் இங்குத் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. குடும்பம் தன் கடமையினின்று வழுவினால், அதை நினைவூட்டும் பொறுப்பும் சபைக்கு உண்டு என்பதை 8-ஆம் வசனத்தின் கடுமை உணர்த்துகிறது.

3. சட்டம் திறந்துள்ள வாயில்

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய மக்களில் ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம் பேர் 60 வயதைக் கடந்தோர். தமிழ்நாட்டில் அவர்கள் விகிதம் 10 விழுக்காட்டிற்கும் சற்று மேற்பட்டிருந்தது. இந்நிலையை முன்னுணர்ந்தே 2007-ஆம் ஆண்டில் ‘பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம்’ நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. தமிழ்நாடு இதற்கான விதிகளை 2009-இல் வகுத்தது. ஆயர்களுள் பலர் இச்சட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பினும், அதன் உள்ளமைப்பை அறிந்தோர் சிலரே. ஆகவே அதனைச் சுருக்கமாக விளக்குவோம்.

தம் வருவாயாலோ சொத்தாலோ தம்மைப் பேணிக்கொள்ள இயலாத பெற்றோர், வயதுவந்த தம் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரிடம் பராமரிப்புக் கோரலாம். பிள்ளையற்ற மூத்த குடிமகன், தம் சொத்தை அனுபவிக்கிற அல்லது தமக்குப்பின் அதை அடையவிருக்கிற உறவினரிடம் கோரலாம். கோரிக்கையை விசாரிப்பது வழக்கமான நீதிமன்றமன்று. கோட்ட அளவிலான தீர்ப்பாயமே. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் அதற்குத் தலைமை வகிக்கிறார். எதிர்த்தரப்பினருக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாள்களுக்குள் முடிவு காணவேண்டும் என்றும், தவிர்க்கவியலாத காரணமிருப்பின் ஒருமுறை மட்டும் 30 நாள்கள் நீட்டிக்கலாம் என்றும் சட்டம் கூறுகிறது. மாநில அரசு விதிக்கத்தக்க பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பாக மாதம் 10,000 ரூபாயைச் சட்டம் குறித்துள்ளது. ஆணைப்படி தொகை செலுத்தத் தவறுவோருக்கு ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கவும் இடமுண்டு. தம் பொறுப்பிலுள்ள மூத்தவரை முற்றாகக் கைவிடும் நோக்குடன் எங்கேனும் விட்டுச்செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நம் ஆய்வுக்கு இன்றியமையாதது 5-ஆம் பிரிவு. முதியவர் தாமே விண்ணப்பிக்க இயலாதபோது, அவரால் அதிகாரமளிக்கப்பட்ட வேறொருவரோ ஓர் அமைப்போ அவர் சார்பில் விண்ணப்பிக்கலாம் என அது கூறுகிறது. சங்கங்கள் பதிவுச் சட்டம் போன்ற ஒரு சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற தன்னார்வச் சங்கம் எதுவும் இங்கு ‘அமைப்பு’ ஆகும். அதுவுமன்றி, விசாரணைக்கு முன்னர்த் தீர்ப்பாயம் வழக்கைச் சமரச அலுவலர் ஒருவரிடம் அனுப்பலாம். இத்தகைய அமைப்பின் பிரதிநிதியும் அப்பொறுப்புக்கு நியமிக்கப்படத் தக்கவர். மத்திய அரசின் மாதிரி விதிகளோ, தனித்து வாழும் முதியோரின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்கவும், இயன்றவரை சமூகப் பணியாளர் அல்லது தன்னார்வத் தொண்டர் ஒருவருடன் சென்று மாதந்தோறும் அவர்களைச் சந்திக்கவும் வழிகூறுகின்றன. சட்டம் தன்னார்வத் தொண்டருக்கெனப் பல இடங்களில் வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது. உள்ளே செல்வோர்தாம் குறைவு.

வழக்கறிஞர் பற்றிய செய்தியும் அறியத்தக்கது. இச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீர்ப்பாயத்தின்முன் எத்தரப்பினருக்கும் வழக்கறிஞர் தோன்றுவதைத் தடைசெய்தது. எளியோர் செலவின்றி நேரே பேசவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும் கேரள உயர்நீதிமன்றம் 2021-இல், இத்தடை வழக்கறிஞர் சட்டத்தோடு முரண்படுகிறது எனத் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் வராதவிடத்தும் முதியவர் தனியே நின்று பேசத் திணறுகிறார். வருமிடத்தும் பிள்ளைகளுக்கு அமர்த்தும் வசதி உண்டு, முதியவருக்கு அது இல்லை. இருவழியிலும் உடன்நிற்பவர் ஒருவர் தேவைப்படுகிறார். மகளிர் வருவாய் வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறலாம் என்பதைத் தொண்டர் நினைவிற்கொள்ளவேண்டும்.

சொத்து எழுதிக்கொடுத்தல் குறித்து 23-ஆம் பிரிவு பேசுகிறது. தமக்கு அடிப்படைத் தேவைகளை வழங்கவேண்டும் என்னும் நிபந்தனையுடன் முதியவர் சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் அதை நிறைவேற்ற மறுத்தால், அம்மாற்றம் செல்லாது எனத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை இருந்தமை நிறுவப்படவேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. இச்சட்டம் முதியோரின் நலனுக்காகவே இயற்றப்பட்டதாதலின் அதற்கு விரிந்த மனத்துடன் பொருள்கொள்ளவேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு வலியுறுத்தியது. ஆயர்களுக்கு இதிலிருந்து எழும் படிப்பினை எளியது. சபை மூத்தோர் வீட்டை எழுதிக் கொடுக்குமுன் ஆலோசனை கேட்டு வந்தால், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதுமாறு கூறவேண்டும். பதிவான பின்னர்ச் சிந்தும் கண்ணீரைவிடப் பதிவுக்கு முன்னர் எழுதும் ஒரு வரி வலிமையுடையது.

4. வழக்கோ, ஒப்புரவோ?

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். விசுவாசிகள் தம் வழக்குகளை வெளியார்முன் கொண்டுசெல்லுதல் தகாது என்று பவுல் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தில் கூறவில்லையா? ஆயர் ஒப்புரவின் பணியாளர் அன்றோ? தாயையும் மகனையும் எதிரெதிரே நிறுத்துதல் அவருக்கு அழகாகுமா?

இத்தடையை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. எனினும் அப்பகுதியை முழுமையாகக் கற்போர், பவுலின் கண்டனம் சகோதரருக்கு அநியாயஞ் செய்து அவர்களை வஞ்சிக்கிறவர்கள்மேலும் விழுவதை 8-ஆம் வசனத்தில் காண்பர். சபையிலேயே தீர்த்துவைக்கத்தக்க ஞானி ஒருவரும் இல்லையோ என்று 5-ஆம் வசனத்தில் அவர் வினவுகிறார். சபை தானே நியாயந்தீர்க்க முன்வராதபோது, வழக்குரைக்கச் செல்லாதே என்று நலிந்தோரிடம் மட்டும் கூறுவது பவுலின் போதனை ஆகாது. வலியோருக்குத் துணைபோவதே ஆகும். தாங்கிக்கொள்ளுமாறு கேட்கப்படவேண்டியவர் திண்ணையில் கிடப்பவர் அல்லர்.

மேலும், சட்டமே சமரசத்தை முதற்படியாக வைத்திருப்பதை மேலே கண்டோம். சமரச அலுவலர் ஒரு மாதத்திற்குள் இருதரப்பும் உடன்படும் முடிவு காண முயலவேண்டும்; உடன்பாடு ஏற்பட்டால் தீர்ப்பாயம் அதையே ஆணையாக்குகிறது. ஆகவே விண்ணப்பம் அளித்தல் உறவை முறித்தல் அன்று. பல குடும்பங்களில் அதுவே பிள்ளைகளை முதன்முறையாகப் பேச்சுக்கு அமரவைக்கிறது. உண்மையைப் பேசாத ஒப்புரவு வெறும் மௌனமே. லூக்கா 18-இல் நடுவரிடம் திரும்பத் திரும்பச் சென்ற கைம்பெண்ணை ஆண்டவர் குறைகூறவில்லை. அவளையே இடைவிடா மன்றாட்டுக்கு எடுத்துக்காட்டாக்கினார். மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைகளில் மனுவுடன் காத்திருக்கும் முதியோரைக் காணும் எவரும் அக்கைம்பெண்ணை எளிதில் இனங்கண்டுகொள்வர். அவள் தனியே சென்றாள். நம் சபை மூத்தோரும் தனியே செல்லவேண்டுமா என்பதே கேள்வி.

5. தொண்டர் கைக்கொள்ளவேண்டிய நெறிகள்

பரிந்து பேசும் பணி நல்லெண்ணத்தால் மட்டும் நடைபெறாது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், நெடுங்காலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் முறையீட்டு அலுவலர் திட்டம் 1972-இல் சில மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கிற்று. 1978-இல் சட்டத் திருத்தத்தின்வழி எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. இதில் பயிற்சி பெற்ற தன்னார்வத் தொண்டர் பலர் பணியாற்றுகின்றனர். அவர்கள் இல்லத்தை நடத்துவோருக்கோ உறவினருக்கோ அல்ல, அங்கு வாழ்வோருக்கே கடமைப்பட்டவர். அவர்தம் இசைவின்றி அவரைப்பற்றிய செய்தியை வெளியிடலாகாது. இவ்வடிப்படை நம் சூழலுக்கும் ஏற்றதே. இதனைத் தழுவிச் சில நெறிகளைத் தொகுத்துரைப்போம்.

(அ) முதியவரைத் தனியே சந்தித்துப் பேசவேண்டும். உறவினர்முன் கூறப்படும் “குறையில்லை” என்னும் சொல்லை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது.

(ஆ) முதியவரின் விருப்பமே வழிகாட்டி. மகனை அலுவலகத்திற்கு இழுக்க அவர் விரும்பவில்லை எனில் தொண்டர் தம் கோபத்தை அவர்மேல் சுமத்தலாகாது. எதெது இயலும், எதனால் என்ன விளையும் என்பவற்றை விளக்கி, முடிவை அவரிடமே விடவேண்டும். உயிருக்கு இடர் நேரும் நிலை வேறு. அங்குத் தாமதமின்றி உதவி நாடவேண்டும். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் இதற்குப் பயன்படும்.

(இ) கேட்டதைச் சபையில் பரப்பலாகாது. மன்றாட்டுக் குறிப்பு என்ற பெயரில் கூறுவதும் பரப்புதலே.

(ஈ) முதியவரின் பணத்தையோ வங்கி அட்டையையோ கையாளலாகாது. அவருடைய உயிலில் பயன்பெறுவோராதலும் ஆகாது. இருவராகச் செல்லுதல் நன்று. சந்தித்த நாள், கண்டவை, கேட்டவை ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி வைத்தல் பின்னர் உதவும்.

(உ) நினைவு மறதி நோயுடையவர் கூறுவதை முழுவதும் நம்புவதும், முழுவதும் ஒதுக்குவதும் தவறு. மெலிவு, காயம், மருந்தின்மை ஆகியவை தாமே பேசும்.

(ஊ) பராமரிக்கும் குடும்பத்தையும் பகையாக எண்ணலாகாது. வறுமையிலும் களைப்பிலும் தடுமாறும் மருமகளுக்குக் கண்டனத்தைவிட வாரத்தில் இரண்டு மணிநேர ஓய்வு தேவைப்படலாம். எங்கே கொடுமை, எங்கே இயலாமை என்று பகுத்தறிதல் தொண்டரின் முதற் கடமை.

6. சபை செய்யத்தக்கவை

பெரிய திட்டம் ஏதும் இதற்கு வேண்டுவதில்லை. ஒவ்வொரு சபையிலும் நால்வர் அல்லது ஐவர் இப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்படலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர், செவிலியர், வருவாய்த் துறைப் பணியாளர் ஆகியோர் இதற்கு மிகவும் ஏற்றவர். அலுவலகம் எவ்வாறு இயங்கும் என்பதை அறிந்தவர் அவர்களே. இவர்கள் சபையின் 60 வயது கடந்தோர் அனைவரின் பட்டியலையும் தொகுத்து, தனித்து வாழ்வோரையும், பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ளோரையும், அண்மையில் சொத்து எழுதிக்கொடுத்தோரையும் தனியே குறித்துக்கொள்ளலாம்.

அன்றாடப் பணிகளுள் பல எளியனவே. முதியோர் உதவித்தொகைத் திட்டம் நம் மாநிலத்தில் 1962-இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிற்று. 2023-இல் அத்தொகை 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியிருந்தும் ஆவணக் குறைவால் அதை இழந்தோர் நம் சபைகளிலும் உளர். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் விண்ணப்பத்தை எடுத்துச்செல்லவும், அது என்னவாயிற்று என்று கேட்கவும் ஒருவர் வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை நியாயவிலைக் கடைக் கருவியில் பதியாதபோது, தம் பொருட்டு வேறொருவர் பொருள் பெற அங்கீகாரம் வழங்கும் முறை உண்டு என்பதை அம்முதியவருக்குச் சொல்லவும் ஒருவர் வேண்டும். இவை ஆன்மிகப் பணி அல்ல என்று கருதுவோர், திருத்தூதர் பணிகள் 6-இல் பந்தி விசாரிப்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர்க்குத் தூய ஆவியின் நிறைவு தகுதியாகக் கேட்கப்பட்டதை மறந்தவராவர்.

இறையியற் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆயர் பணி குறித்த பாடத்தில் மரணப் படுக்கையில் எவ்வாறு மன்றாடுவது என்று கற்பிக்கிறோம். கோட்டாட்சியர் அலுவலகத்திற்கு எவ்வாறு விண்ணப்பம் எழுதுவது என்று கற்பிப்பதில்லை. களப்பணிக் காலத்தில் மாணவர் ஒவ்வொருவரும் தீர்ப்பாய விசாரணை ஒன்றையேனும் முதியவர் ஒருவருடன் சென்று காணுமாறு செய்தல் பயன் தரும்.

முடிவுரை

சிலுவையின் அடியில் ஆண்டவர் தம் தாயைச் சீடர் ஒருவரிடம் ஒப்படைத்தார் என யோவான் 19:26-27 கூறுகிறது. குருதி உறவில்லாத ஒருவர் ஒரு முதிய தாய்க்குப் பொறுப்பேற்ற நிகழ்ச்சி அது. அச்சீடர் அந்நேரமுதல் அத்தாயைத் தம்மிடமாய் ஏற்றுக்கொண்டார். நம் சபைகளில் திண்ணையிலும் பின்கட்டிலும் கிடக்கும் தாய் தந்தையர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களே.

நாம் வாய்பேசாதிருந்த அந்த அடக்க ஆராதனையை மாற்றுதல் இனி இயலாது. ஆனால் அடுத்த வாரம் ஆயர் சந்திக்கச் செல்லும் இல்லத்தில் ஒரு முதியவர், மகன் அருகில் நிற்க, “ஒரு குறையும் இல்லை” என்று கூறக்கூடும். அவரிடம் தனியே மீண்டும் ஒருமுறை செல்வதற்கு நம்மிடையே ஒருவர் இருப்பாரா?